ஸ்டேட் பார்க்குக்கு நண்பர்கள் குழு: தொடங்குவதும் தாக்குப்பிடிப்பதும்

மார்ச் 2, 2025: கேள்வி

பென்சில்வேனியா, செஸ்டர் கவுண்டி. காரில் இருபது நிமிடத்தில் ஒரு ஸ்டேட் பார்க். பாதையெல்லாம் முள், பலகைகள் சாய்ந்து கிடக்கின்றன, ஊழியர்கள் ஒரு கைக்குள் அடங்குவார்கள். பூங்காவுக்கு உதவும் தன்னார்வலர் அமைப்பாக, 'நண்பர்கள் குழு' ஒன்றைத் தொடங்கத் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் பதினைந்து பேர் தயார். லோகோ வரைந்தாயிற்று, வெப்சைட் பெயரும் வாங்கியாயிற்று. 501(சி)(3) பதிவை (வரிவிலக்குள்ள லாபநோக்கற்ற அமைப்பு என்ற அங்கீகாரம்) இந்த மாதமே முடித்துவிடலாமா?

மார்ச் 2, இரவு

பதிவு கடைசி வேலை. முதல் வேலை பார்க் மேனேஜரைப் பார்ப்பது. மே கடைசி முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அதனால் இப்போதே போங்கள். வார நாள் காலை, இரண்டே பேர். யோசனைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நான்கு கேள்விகள் போதும்:

இந்தப் பூங்காவுக்கு முன்பு ஏதாவது குழு இருந்ததா? போன வருடம் செய்ய நினைத்து முடியாமல் போன வேலைகள் என்ன? ஊழியர்களில் யாரோடு நாங்கள் பேச வேண்டும்? தன்னார்வலர்கள் தொடவே கூடாத வேலைகள் எவை?

நான்காவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கழிவுநீர்ப் பராமரிப்பு, மின் வேலை, சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் சில அன்றாட வேலைகள் ஆகியவற்றில் யூனியன் ஒப்பந்தமும் பாதுகாப்பு விதியும் குறுக்கே நிற்கும். தெரியாமல் கை வைத்தால் மேனேஜருக்குத்தான் தலைவலி. அதன் பிறகு உங்களைக் கூப்பிட அவர் யோசிப்பார்.

முதல் கேள்விக்கு "இருந்தது, தூங்கிவிட்டது" என்று பதில் வந்தால், புதுக் குழுவை விட அதை எழுப்புவதே மேல். ஐ.ஆர்.எஸ். (மத்திய வரித்துறை) தளத்தில் வரிவிலக்கு அமைப்புகளைத் தேடும் பக்கத்தில் அதன் பெயரைப் போட்டுப் பாருங்கள். விலக்கு ரத்தாகியிருந்தால் அங்கே தெரியும்.

மார்ச் 3

பதிவைப் பற்றி. மாநிலத்துக்கு மாநிலம் அமைப்பு வேறு, பொத்தாம்பொதுவாக யார் சொல்வதையும் கேட்காதீர்கள்.

உங்கள் மாநிலத்தில் பென்சில்வேனியா பார்க்ஸ் அண்ட் ஃபாரஸ்ட்ஸ் ஃபவுண்டேஷன் என்ற குடை அமைப்பு இருக்கிறது. தனித்தனிப் பூங்காக்களின் நண்பர்கள் குழுக்கள் அதன் கிளைகளாக இயங்கலாம். ஜார்ஜியாவிலும் மாநிலம் முழுவதற்கும் ஒரே அமைப்பு, அதன் கீழ் கிளைகள். ஃப்ளோரிடாவில் குடிமக்கள் ஆதரவு அமைப்பு என்றே சட்டத்தில் இடம் உண்டு (258.015 பிரிவு). கலிஃபோர்னியாவில் கோஆப்பரேட்டிங் அசோசியேஷன் என்ற பெயரில் மாநிலத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு புத்தகக் கடை, வழிகாட்டி நடை எல்லாம் நடத்துகிறார்கள்.

பதினைந்து பேர் குழுவுக்குக் கிளையாகச் சேர்வதே என் பரிந்துரை. வரிக் கணக்கு, காப்பீடு, நன்கொடை ரசீது என்று பாதிச் சுமையைக் குடை அமைப்பு தாங்கும். பதிலுக்கு வங்கிக் கணக்கும் செலவு முடிவுகளும் முழுக்க உங்கள் கையில் இருக்காது. இரண்டு வருடம் கிளையாக இருந்துவிட்டு, பெரிய பணம் திரட்டும் நிலை வந்தால் அப்போது தனியாகப் போகலாம்.

தனியாகத்தான் என்றால்: மாநிலத்தில் லாபநோக்கற்ற நிறுவனமாகப் பதிவு, இ.ஐ.என். (அமைப்பின் வரி அடையாள எண்), விதிமுறைகள், நிர்வாகக் குழு, பிறகு ஐ.ஆர்.எஸ். விண்ணப்பம். வருட வரவு 50,000 டாலருக்கும் சொத்து 2,50,000 டாலருக்கும் மேல் போகாது என்றால் 1023-இ.இசட். படிவம், கட்டணம் 275 டாலர். இல்லாவிட்டால் முழு 1023 படிவம், 600 டாலர். நிறுவனம் உருவான 27 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் விலக்கு தொடக்க நாளிலிருந்தே செல்லும்.

மார்ச் 3, சிறு சேர்க்கை

இ.ஐ.என். எண் ஐ.ஆர்.எஸ். தளத்தில் இலவசம். 100, 200 டாலர் கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வரும். கொடுக்காதீர்கள்.

மார்ச் 5

"கலிஃபோர்னியாவில் குழுக்களே பூங்காவை எடுத்து நடத்துகின்றன, நாமும் அப்படிச் செய்தால் என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்தக் கதையை முழுதாகப் பார்க்க வேண்டும். 2011இல் பட்ஜெட் வெட்டு வந்து 278 பூங்காக்களில் 70ஐ மூடப்போவதாக அந்த மாநிலம் அறிவித்தது. லாபநோக்கற்ற அமைப்புகள் பூங்காவை நடத்த அதே வருடம் ஏ.பி. 42 சட்டம் வழிவிட்டது. ஜாக் லண்டன் வரலாற்றுப் பூங்காவையும் சுகர்லோஃப் ரிட்ஜையும் 2012இல் உள்ளூர் அமைப்புகள் ஏற்றன, நன்றாகவே நடத்துகின்றன. ஆனால் அவை ஊழியர்களும் சம்பளப் பட்டியலும் உள்ள அமைப்புகள். கழிப்பறை, குடிநீர், கட்டண வசூல் எல்லாம் அவர்கள் தலையில். வார இறுதித் தன்னார்வலர்களால் தூக்க முடிந்த பாரமல்ல அது.

இன்னொரு பாடமும் அதில் இருக்கிறது. மக்கள் கைக்காசு போட்டுப் பூங்காக்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது, 2012 ஜூலையில் அந்தத் துறையின் கணக்குகளில் சுமார் 54 மில்லியன் டாலர் வெளியே சொல்லப்படாமல் இருந்தது தெரியவந்தது. இயக்குநர் பதவி விலகினார். நன்கொடை கொடுத்தவர்களின் கோபம் எளிதில் ஆறவில்லை. அதனால் மாநிலத்தோடு நீங்கள் போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: குழு தரும் பணமும் உழைப்பும் மாநிலம் ஒதுக்கும் தொகைக்கு மேற்படியானது, அதற்கு ஈடானதல்ல. நீதிமன்றத்தில் அந்த வரி எவ்வளவு நிற்கும் என்பது வேறு. நன்கொடையாளர் கேட்கும்போது எடுத்துக் காட்ட அது வேண்டும்.

மார்ச் 9

ஒப்பந்தம் என்றதும் பயப்பட வேண்டாம். மாநிலம் வைத்திருக்கும் மாதிரியில், நான் சொன்ன அந்த வரியையும் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுவதுதான். அதைவிட முக்கியம், வருடத்துக்கு ஒரு பக்க வேலைத் திட்டம். ஜனவரியில் மேனேஜரோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள்: எந்த வேலை, எந்த மாதம், எத்தனை ஆள், கருவி யாருடையது, குப்பையை அள்ளிப் போகும் வண்டி யாருடையது, பணம் எவ்வளவு. இரு பக்கமும் கையெழுத்து.

ஏன் எழுத்தில்? மேனேஜர் மாற்றலாகிப் போவார். வாய்ப் பேச்சில் ஐந்து வருடம் ஓடிய ஏற்பாடு, புதியவர் வந்த முதல் மாதத்தில் நின்றுபோகும். அவர் மேல் குற்றமில்லை, அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஒரு பக்கத் தாள் இருந்தால் அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

மேனேஜர் எல்லாக் கூட்டத்துக்கும் வரட்டும், ஓட்டு வேண்டாம், காசோலையில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். அரசு ஊழியர் தன் பூங்காவுக்கு வரும் தனியார் பணத்தைத் தானே கையாளும் நிலை இரண்டு பக்கத்துக்கும் ஆபத்து.

மார்ச் 15

கேள்வி கேட்டவர்கள் மேனேஜரைப் பார்த்துவிட்டார்களாம். முதல் வேலையாகக் கார்லிக் மஸ்டர்ட் என்ற ஆக்கிரமிப்புக் களையைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறார். நல்ல தேர்வு. கருவி வேண்டாம், எட்டு வயதுப் பிள்ளையும் செய்யலாம், முடிந்ததும் கண்ணுக்குத் தெரியும்.

காலம்: ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை, விதை முற்றுமுன். முந்தின நாள் மழை பெய்திருந்தால் பாதி உழைப்பு மிச்சம். இரண்டாம் வருடச் செடி இரண்டு மூன்று அடி உயரம், உச்சியில் நான்கு இதழ் கொண்ட சின்ன வெள்ளைப் பூக்கள். இலையைக் கசக்கினால் பூண்டு வாசனை. தண்டின் நடுவில் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும், கீழே மிச்சமானது மறுபடி துளிர்க்கும். மண்ணோடு ஒட்டிய இடத்தில் பிடித்து மெதுவாக மேலே இழுக்க வேண்டும். வேர் தலைப்பகுதியில் எஸ் வடிவில் வளைந்து வந்தால் முழுதாக வந்துவிட்டது.

பூத்த செடியைப் பிடுங்கி அங்கேயே போட்டுவிட்டு வருவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. பிடுங்கிய பிறகும் விதை முற்றும். பையில் கட்டி வெளியேற்ற வேண்டும், உரக்குழிக்குக் கூடாது. 42 கேலன், 3 மில் தடிமன் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கான்ட்ராக்டர் குப்பைப் பை, இரண்டு பேருக்கு மூன்று. மெல்லிய சமையலறைப் பை முள்ளில் கிழியும்.

செடி குறைவாக உள்ள ஓரத்தில் தொடங்கி அடர்ந்த இடத்தை நோக்கிப் போங்கள். அடர்த்தியான இடத்தில் தொடங்கினால் மதியத்துக்குள் கை ஓய்ந்துவிடும், சுத்தமாக இருந்த பகுதியும் அடுத்த வருடம் போய்விடும். மண்ணில் விதை பல வருடம் உயிரோடு கிடக்கும். ஒரே திட்டுக்கு ஐந்து வருடமாவது திரும்பத் திரும்ப வர முடியும் என்றால் மட்டும் அந்தத் திட்டைத் தொடுங்கள்.

ஆள் கணக்கு: ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி. இரண்டரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். கையுறையில் சிறிய அளவும் வாங்குங்கள், பெண்களும் பிள்ளைகளும் பெரிய கையுறையில் எதையும் பிடிக்க முடியாது. கிளம்புமுன் செருப்படி மண்ணைப் பிரஷால் தட்டிவிடச் சொல்லுங்கள், விதை அதில்தான் ஊர்விட்டு ஊர் போகிறது.

பைகளை அள்ளிப் போகும் வண்டியையும், கழிப்பறை திறந்திருக்கிறதா என்பதையும் முந்தின வாரமே உறுதி செய்யுங்கள். குளிர்காலத்துக்கு நிறுத்திய தண்ணீரைச் சில இடங்களில் ஏப்ரல் நடுவில்தான் திறப்பார்கள்.

மார்ச் 16

உண்ணி! நேற்று எழுதியிருக்க வேண்டியது. உண்ணி பரப்பும் லைம் நோயில் பென்சில்வேனியா நாட்டிலேயே முன்வரிசை மாநிலம். வெளிர் நிற முழுக்கால் சட்டை, காலுறைக்குள் செருகியது. உடைக்குப் பெர்மெத்ரின் பூச்சிமருந்து (தோலில் படக்கூடாது, முந்தின நாளே தெளித்துக் காயவைக்க வேண்டும், ஈரமாக இருக்கும்போது பூனையை அண்டவிடாதீர்கள்), தோலுக்கு டீட் பூச்சிவிரட்டி. வீட்டுக்குப் போனதும் குளியல், துணிகளை முதலில் டிரையரில் சூட்டில் சுற்றவிடுங்கள். முழங்காலுக்குப் பின்புறம், அக்குள், தலைமுடி ஓரம் பார்க்க வேண்டும். முந்தின நாள் அனுப்பும் மின்னஞ்சலில் முதல் பத்தியே இதுவாக இருக்கட்டும்.

வருகைப் பதிவுத் தாளில் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். மணிக்கணக்குக்கு மட்டுமல்ல அது. பூங்காத் தன்னார்வலராகப் பதிவானவருக்கு வேலையில் அடிபட்டால் உங்கள் மாநிலத்தில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இடம் உண்டு. பதிவில்லாமல் வந்து நின்றவருக்கு அந்தப் பேச்சே சிக்கல். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து. பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியைத் தொடர்ந்து பொறுப்பேற்று நடத்துபவர்களுக்கு மாநிலப் போலீஸ் சான்றும், குழந்தைகள் மீதான வன்முறை குறித்த சான்றும் வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மாநிலத்தில் பத்து வருடம் வசிக்காதவர் எஃப்.பி.ஐ. கைரேகையும் கொடுக்க வேண்டும்.

மார்ச் 22

பணம். கிளையாக இருந்தாலும் தனியாக இருந்தாலும் இவை மாறாது.

வங்கி அறிக்கையைப் பொருளாளர் அல்லாத ஒருவர் மாதாமாதம் பார்க்க வேண்டும். நிகழ்ச்சியில் வந்த ரொக்கத்தை இரண்டு பேர் அந்த இடத்திலேயே எண்ணிக் கையெழுத்திட வேண்டும். ஒரு தொகைக்கு மேல், 500 டாலர் என்று வையுங்கள், இரண்டு கையெழுத்து. நம்பிக்கை இல்லாததால் அல்ல, பொருளாளர் மேல் ஒரு சொல் வராமல் காப்பதற்கு.

250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவருக்கு எழுத்து ரசீது கட்டாயம். 75 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு பதிலுக்கு டி-ஷர்ட்டோ விருந்தோ கொடுத்தால், அதன் மதிப்பு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு நன்கொடை என்று ரசீதில் சொல்ல வேண்டும். லாட்டரிச் சீட்டுப் போல ராஃபிள் நடத்துவதற்கு உங்கள் மாநிலத்தில் கவுண்டி பொருளாளரிடம் உரிமம் வேண்டும். தமிழ்ச் சங்க விழாவில் சீட்டுக் கிழித்துப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிலையாக வருமானம் தருவது விறகு. முகாமிடுபவர்கள் வெளியூர் விறகைக் கொண்டுவந்தால் எமரால்ட் ஆஷ் போரர் போன்ற, மரத்தைக் கொல்லும் வண்டுகள் கூடவே வரும். 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த வண்டு இத்தனை மாநிலத்துக்குப் பரவியதில் விறகுக் கட்டுக்குப் பெரும் பங்கு. பூங்காவில் விழுந்த மரத்தை அங்கேயே பிளந்து கட்டி விற்றால் பூச்சியும் பரவாது, பணமும் வரும். மரம் மாநிலத்தின் சொத்து, அதனால் எழுத்து அனுமதி முதலில். ஈர விறகை விற்றால் புகைதான் வரும், அடுத்த முறை யாரும் வாங்க மாட்டார்கள். பிளந்து, மேலே மூடி, பக்கம் திறந்து, ஆறு மாதமாவது காயட்டும். ஓக் என்றால் ஒரு வருடத்துக்கு மேல்.

மார்ச் 23

நன்கொடையாளர் சொல்லும் பெயரைப் பொறித்துப் பெஞ்ச் வைக்கும் திட்டம் பற்றிக் கேட்டவருக்கு: செய்யலாம், ஆனால் காலவரம்போடு. "பத்து வருடம், அதன் பிறகு புதுப்பிக்கலாம்" என்று விண்ணப்பத்திலேயே அச்சிடுங்கள். பெஞ்ச் இற்றுப்போகும், வெள்ளத்தில் போகும், பாதை இடம் மாறும். இறந்தவர் பெயர் பொறித்த பலகையைக் கழற்றும் நாள் வரும், வரம்பு எழுதாமல் வாங்கிய குழு அன்றைக்கு அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழிக்க முடியாது. விலையில் பெஞ்ச், சிமெண்ட், பலகை, பத்து வருடப் பராமரிப்பு நான்கும் அடங்க வேண்டும்.

ஏப்ரல் 6

"வாட்ஸ்அப் குழுவில் 140 பேர் இருக்கிறார்கள், வேலைக்கு 9 பேர்தான் வருகிறார்கள்" என்ற புலம்பலுக்கு வருகிறேன். எல்லாக் குழுக்களுக்கும் இதே கதைதான். இதில்தான் குழுக்கள் பிழைக்கின்றன அல்லது சாகின்றன, அதனால் கொஞ்சம் நீளமாக.

உறுப்பினர் எண்ணிக்கையை அளவுகோலாக வைக்காதீர்கள். பெயர் போட்ட பொறுப்பு எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எண்ணுங்கள். நண்பர்கள் குழுக்கள் ஆள் குறைந்து மூடுவதை விட, எல்லாப் பொறுப்பும் ஒருவரிடம் சேர்ந்து அவர் களைத்துப்போய் அல்லது வீடு மாறிப்போய் மூடுவதுதான் அதிகம். தலைவரே கருவிச் சாவியும் வைத்திருப்பார், முகநூல் பக்கமும் அவரே, ஐ.ஆர்.எஸ். கடிதமும் அவர் வீட்டுக்கு. அவர் நல்லவர், உழைப்பாளி, அதனாலேயே யாரும் குறுக்கிடவில்லை. அவர் போன மாதம் குழு இல்லை.

அதனால் வேலையை உடையுங்கள். "தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர் தேவை" என்று அறிவித்தால் ஒருவரும் கை தூக்க மாட்டார். அதையே இப்படிப் பிரியுங்கள்: வருகைத் தாளை எடுத்துவந்து மறுநாள் மணிக்கணக்கைத் தட்டச்சு செய்பவர். கையுறைகளைத் துவைத்து எண்ணி வைப்பவர். படம் எடுத்து இரண்டு வரி எழுதிப் போடுபவர். புதிதாக வந்தவர்களை வாசலில் பெயர் கேட்டு வரவேற்பவர். கிளை வெட்டும் லாப்பர் கத்திகளுக்குச் சாணை பிடிப்பவர். மாதம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற ஒவ்வொன்றுக்கும் பெயரும் இன்னொரு மாற்றாளும். மாற்றாள் இல்லாத பொறுப்பை நிரம்பாத பொறுப்பாகவே கணக்கு வையுங்கள்.

கேட்பது நேரில், ஒருவரைப் பார்த்து. "யாராவது செய்ய முடியுமா" என்று குழுச் செய்தியில் கேட்டால் 140 பேரும் அடுத்தவர் செய்வார் என்று இருப்பார்கள். இரண்டு முறை வந்தவரை மூன்றாவது முறை வரும்போது கேளுங்கள், முதல் நாளே கேட்டால் ஓடிவிடுவார்.

புதியவருக்கு இரண்டு நாளுக்குள் செய்தி போக வேண்டும். "நேற்று 31 பை வெளியேறியது, நீங்கள் இருந்த ஓடைக்கரைப் பகுதி முடிந்துவிட்டது, அடுத்தது 26ஆம் தேதி" என்பது போல. பொதுவான நன்றி அட்டையை விட இது வேலை செய்யும். செய்த வேலை எங்கே போனது என்று தெரிந்தவர் திரும்பி வருவார்.

தேதி நிலையாக இருக்கட்டும். மாதத்தின் இரண்டாம் சனி என்றால் எப்போதும் இரண்டாம் சனி. தமிழ்ப் பள்ளி நேரத்தோடு மோதாமல் பாருங்கள். மோதினால் உங்கள் பாதி ஆள் அங்கேயே போச்சு.

ஏப்ரல் 7

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதினைந்து பேரும் ஒரே பள்ளிப் பெற்றோர். பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வருடம் எல்லாரும் ஒன்றாகக் குறைவீர்கள். பூங்காவைச் சுற்றி வசிக்கும் ஓய்வுபெற்றவர்கள், மீன்பிடிப்பவர்கள், மலைச் சைக்கிள்காரர்கள், குதிரைக்காரர்கள் எல்லாரும் முதல் வருடத்திலேயே நிர்வாகக் குழுவுக்குள் வர வேண்டும். வார நாளில் வர முடிந்தவர்கள் ஓய்வுபெற்றவர்கள்தான், மேனேஜர் வேலையில் இருப்பதும் வார நாளில்தான். தமிழில் நடக்கும் வாட்ஸ்அப் குழு உங்களுக்குள் இருக்கட்டும், பூங்காக் குழுவின் செய்தி எல்லாருக்கும் புரியும் மொழியில் தனியாகப் போகட்டும்.

ஏப்ரல் 12

விசாவில் இருப்பவர்கள் தன்னார்வலராகலாமா என்ற கேள்வி. எச்-1பி (வேலை விசா), எச்-4 (அவர்கள் குடும்பத்துக்கான விசா) இவற்றில் இருப்பவர்கள் லாபநோக்கற்ற அமைப்பில் ஊதியமில்லாமல், வழக்கமாகத் தன்னார்வலர்களே செய்கிற வேலையைச் செய்யலாம். செடி பிடுங்குவதும் பாதை சுத்தம் செய்வதும் அப்படிப்பட்டவை. கவனிக்க வேண்டியது கேம்ப் ஹோஸ்ட் பொறுப்பு. வாரம் இருபது முப்பது மணி நேர வேலைக்குப் பதிலாக மின்சாரம், தண்ணீரோடு இலவச முகாமிடம் தருவார்கள். பணமாக வராவிட்டாலும் அது ஊதியம் என்று கருதப்பட வாய்ப்பு உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் ஏற்க வேண்டாம்.

வேலை செய்யும் நிறுவனத்தையும் கேளுங்கள். ஊழியரின் தன்னார்வ மணிக்கு அந்த அமைப்புக்குப் பணம் தரும் ஐ.டி. நிறுவனங்கள் உண்டு, மைக்ரோசாஃப்ட் மணிக்கு 25 டாலர் தருகிறது. நம்மவர்கள் பலர் மணிக்கணக்கைப் பதிவே செய்வதில்லை. இது உழைத்துச் சம்பாதித்த பணம், விடாதீர்கள். குடை அமைப்பின் பெயரில்தான் அது வரும், உங்கள் கிளைக்கு என்று குறிப்பெழுத மறக்காதீர்கள்.

ஏப்ரல் 27

மணிக்கணக்கை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், மானியத்தில் அது பணமாகவே எண்ணப்படும். பாதைகளுக்கு மானியம் தரும் மத்திய அரசின் ரிக்ரியேஷனல் டிரெயில்ஸ் திட்டத்தில் 80 சதவீதம் அவர்கள் தந்தால் 20 சதவீதம் நம் பங்கு, அதில் தன்னார்வ உழைப்பையும் காட்டலாம். இண்டிபெண்டன்ட் செக்டர் என்ற அமைப்பு ஒரு மணி நேரத் தன்னார்வ உழைப்புக்கு ஒரு மதிப்பு வெளியிடுகிறது. 2023க்கு 33.49 டாலர், இந்த மாதம் வந்த 2024க்கான மதிப்பு 34.79. இருபது பேர் மூன்று மணி நேரம் வேலை செய்தால் 2,087 டாலர், அதாவது 10,000 டாலர் திட்டத்தில் நம் பங்கு ஒரே காலையில் தீர்ந்தது. எந்த மதிப்பை ஏற்பார்கள், எந்த நாளிலிருந்து மணி செல்லும் என்று நிதி தருபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஒப்பந்தத்துக்கு முன் செய்த வேலையைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெயர், தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, கையெழுத்து: ஆறும் இல்லாத தாள் தணிக்கையில் நிற்காது.

மே 4

நியூயார்க்கில் நேற்று 'ஐ லவ் மை பார்க்' நாள். பார்க்ஸ் அண்ட் டிரெயில்ஸ் நியூயார்க் அமைப்பு 2012 முதல் மே முதல் சனியில் மாநிலம் முழுக்க நடத்துகிறது. அதுபோல நாமும் ஒரு பெருநாள் வைக்கலாமா என்று கேட்கிறார்கள்.

ஆறு மாதம் நிலையாக வேலை நாள் நடத்திய பிறகு. செப்டம்பர் நான்காம் சனி தேசியப் பொது நில நாள், ஜனவரி 1 புத்தாண்டு நடை, இரண்டும் உங்களுக்குப் பொருந்தும். 80 பேர் வரும் நாளுக்குப் பதினான்கு வழிகாட்டிகள் வேண்டும். அவர்கள் சிறிய நாட்களில்தான் உருவாவார்கள். வழிகாட்டி இல்லாமல் கூட்டம் கூட்டினால் பாதிப் பேர் வேலை தெரியாமல் நிற்பார்கள். ஒருமுறை சும்மா நின்றவர் அடுத்த முறை வர மாட்டார்.

மே 11

தனியாகப் பதிவு செய்த குழுக்களுக்கு: வருட வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் என்றால் ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு வருடாவருடம் 990-என், இணையத்தில் பத்து நிமிடத்தில் முடியும் சிறு அறிக்கை. காலண்டர் வருடக் கணக்கு என்றால் கெடு மே 15. மூன்று வருடம் தொடர்ந்து தவறினால் விலக்கு தானாக ரத்து, யாரும் விசாரிக்க மாட்டார்கள். மீண்டும் விண்ணப்பம், மீண்டும் கட்டணம். தலைவர் மாறினால் 60 நாளுக்குள் அதைத் தெரிவிக்கும் 8822-பி படிவம், இல்லாவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் பழைய தலைவரின் பழைய வீட்டுக்குப் போகும்.

மே 25

"மாநிலம் பூங்காவைக் கெடுக்கும் திட்டம் போட்டால் குழு எதிர்க்கலாமா?" நல்ல கேள்வி, ஃப்ளோரிடாவில் இது நடந்தது. 2024 ஆகஸ்டில் ஒன்பது ஸ்டேட் பார்க்குகளில் கட்டுமானத் திட்டம் வெளியானது. ஜொனாதன் டிக்கின்சன் பூங்காவில் கோல்ஃப் மைதானங்கள், அனஸ்டேசியாவில் 350 அறை வரை விடுதி. கட்சி பேதமில்லாமல் மக்கள் திரண்டார்கள், அந்த மாதமே திட்டம் திரும்பப் பெறப்பட்டது. இந்த மாதம் அதற்கு எதிரான பாதுகாப்பு சட்டமாகவே வந்துவிட்டது.

501(சி)(3) அமைப்பு வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ அறவே கூடாது. சட்ட மசோதா பற்றிப் பேசலாம், ஆனால் அது மொத்த வேலையில் கணிசமான பகுதி ஆகக்கூடாது. 5768 படிவம் கொடுத்தால் அளவு தெளிவாகிவிடும்: அமைப்பின் முதல் 5,00,000 டாலர் செலவில் 20 சதவீதம் வரை இப்படிப் பேசுவதற்குச் செலவிடலாம். கிளை என்றால் குடை அமைப்பைக் கேட்காமல் அறிக்கை விடாதீர்கள். மாநிலத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் என்ன கட்டுப்பாடு இருக்கிறது என்பதையும் கையெழுத்துக்கு முன்பே படியுங்கள். தனி மனிதராக உறுப்பினர் எழுதும் கடிதத்தை எதுவும் தடுக்காது. ஆதரவுக் குழு என்றால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், பூங்காவை நேசிப்பவர்கள் பேசாமல் வேறு யார் பேசுவது?

ஜூன் 1

பாதை வேலைக்கு ஆர்வம் கூடியிருக்கிறது. புதுப் பாதை வெட்ட எல்லாருக்கும் ஆசை. வேண்டாம், இருப்பதில் தண்ணீர் வடியச் செய்யுங்கள். பாதையைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். நடந்து நடந்து நடுப்பகுதி குழிந்து, பள்ளத்துப் பக்க ஓரத்தில் மண் வரம்பு ஏறிவிடும். மழைநீர் வெளியேற முடியாமல் பாதையிலேயே ஓடி அரிக்கும். மெக்லாய்டால் (ஒரு பக்கம் மண்வெட்டி, மறுபக்கம் பல்வாரி உள்ள கருவி) அந்த வரம்பைச் சீவி எடுத்து, பள்ளத்துப் பக்கம் சுமார் 5 சதவீதம் சாய்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எடுத்த மண்ணை ஓரத்திலேயே குவிக்காமல் கீழே தூரமாக வீசுங்கள். பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. அதை மீறிய பகுதியில் என்ன போட்டாலும் அரிக்கும், அதை மேனேஜரிடம் மாற்றுப்பாதைக்கு எழுதுங்கள்.

ஆளுக்கு ஆள் பத்தடி இடைவெளி. கருவியைத் தோளில் சாத்தாமல், பள்ளத்துப் பக்கக் கையில், முனை கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டும். சங்கிலி ரம்பம் சான்றிதழும் மாநில அனுமதியும் உள்ளவருக்கு மட்டும், எவ்வளவு அனுபவசாலியானாலும். வழக்கிலிருந்து காக்க 1997 தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம் உண்டு என்று துணிந்துவிடாதீர்கள். கடும் அலட்சியத்துக்கும் வண்டி ஓட்டும்போது நேரும் விபத்துக்கும் அது குடை பிடிக்காது, தனி மனிதருக்குத்தான் அது, குழுவுக்கல்ல.

ஜூன் 8

பொறுப்பாளர் மாறும்போது அடுத்தவரிடம் கொடுக்கும் கைமாற்றுக் கோப்பில் என்னென்ன என்று கேட்டவருக்கு. கிளைகளுக்கு முதல் மூன்றும் தேவைப்படாது.

இ.ஐ.என். கடிதம், ஐ.ஆர்.எஸ். விலக்குக் கடிதம், மாநிலப் பதிவுச் சான்று. விதிமுறைகள். பூங்கா ஒப்பந்தம், இந்த வருட வேலைத் திட்டம். காப்பீட்டுத் தாள், முடியும் தேதியோடு. வங்கியில் கையெழுத்து உரிமை உள்ளவர்கள் பெயர். அஞ்சல் பெட்டி, கருவிக் கொட்டகைச் சாவி யாரிடம். வெப்சைட் பெயர் எந்தக் கணக்கில், எப்போது புதுப்பிக்க வேண்டும். மின்னஞ்சல், பே-பால், முகநூல் எல்லாம் குழுவின் சொந்த முகவரியில் இருக்க வேண்டும். பே-பால் ஒருவரின் சொந்தக் கைபேசி எண்ணில் கட்டப்பட்டிருந்தால் அவர் எண் மாற்றிய நாளில் நன்கொடை முடங்கும். முகநூல் பக்கத்துக்கு மூன்று நிர்வாகிகள்.

லோகோவும் வெப்சைட் பெயரும் வாங்கியது யார் கணக்கில்? அதை இந்த வாரமே மாற்றுங்கள்.

ஜூன் 9

நீலப்பறவை (புளூபேர்ட்) கூடு கட்ட வைக்கும் பெட்டியின் அளவு கேட்டவருக்கு மட்டும்: துளை ஒன்றரை அங்குலம், உட்காரும் குச்சி வைக்கக்கூடாது, கம்பத்தில் ஐந்தடி உயரம், கீழே பாம்பும் ரக்கூனும் ஏறாமல் தகரத் தடுப்பு, பெட்டிக்குப் பெட்டி நூறு கஜம், முன்னால் திறந்த புல்வெளி. வாரம் ஒருமுறை திறந்து பார்க்க ஆள் இருந்தால் மட்டும் வையுங்கள். கவனிக்காத பெட்டியில் சிட்டுக்குருவிதான் குடியேறும், நீலப்பறவைக் குஞ்சையும் கொன்றுவிடும். பெட்டிப் பொறுப்பாளருக்கும் மாற்றாள் வேண்டும்.